மூடிப்போகிற வேலையில் மலிவு பார்க்காதீர்கள்: வீடு கட்டவும் திருத்தவும் ஆளும் பொருளும் எடுப்பதற்கு முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் வீடு பெரும்பாலும் மகளின் பெயரில்தான் எழும்புகிறது. மட்டக்களப்பானாலும் சரி, கல்முனை அக்கரைப்பற்றுப் பக்கமானாலும் சரி, தமிழர் முஸ்லிம் என்ற வித்தியாசம் இல்லாமல், பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேசினால் வீடும் சேர்த்தே பேசப்படும். அதனால் அத்திவாரம் வெட்டும்போதே கலியாணத் திகதி மனதில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. திகதி நெருங்க நெருங்க, யார் வந்தாலும் சரி, வேலை முடிந்தால் போதும் என்ற நிலைக்குப் பெற்றோர் வந்துவிடுகிறார்கள்.

ஆரையம்பதியில் என் மூத்த மகளுக்கு வீடு கட்டியபோது நானும் அந்த நிலையில்தான் இருந்தேன். குளியலறை வேலைக்கு நான்கு பேரிடம் விலை கேட்டு, ஆகக் குறைத்துச் சொன்னவரிடம் கொடுத்தேன். எனக்கு 18,000 ரூபா மிச்சம். ஆறு மாதம் போகவில்லை, பக்கத்து அறைச் சுவரில் ஒரு முழ உயரத்துக்கு ஈரம் ஏறி, பெயின்ட் உப்பிக் கொட்டத் தொடங்கியது. டைல்ஸை உடைத்துப் பார்த்தால், நீர்க்கசிவைத் தடுக்கிற பூச்சு அடியில் பூசப்படவே இல்லை. கழிவுக் குழாயின் மூட்டு ஒன்று பசை போடாமல் வெறுமனே செருகியிருந்தது. உடைத்துத் திரும்பச் செய்ய, மிச்சம் பிடித்ததைப் போல ஐந்து மடங்கு போனது. புது மருமகன் முன்னால் நான் பட்ட சங்கடத்துக்குக் கணக்கு இல்லை.

இரண்டாவது மகளின் வீட்டை வேறு விதமாகச் செய்தேன். அப்போது கைக்கொண்ட முறையைத்தான், ஒழுங்கு மாறாமல், இங்கே எழுதுகிறேன்.

படி 1: வேலையை மூன்றாகப் பிரியுங்கள்

விலை கேட்கப் போவதற்கு முன் ஒரு கொப்பியில் மூன்று பத்தி போடுங்கள்.

முதல் பத்தியில், முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாமல் மூடிப்போகிற வேலைகள்: அத்திவாரம், தூண் பீம் கம்பி, சுவருக்குள் போகும் வயர், தளத்துக்குக் கீழ்ப் போகும் குழாய், குளியலறை நீர்த்தடைப் பூச்சு, மலக்குழி. இரண்டாவதில், வெளியே தெரிந்தாலும் மாற்றுவது பெரும்பாடாகிற வேலைகள்: கூரை, கதவு ஜன்னல் நிலை, தரை. மூன்றாவதில், ஒரு சனிக்கிழமையில் மாற்றிவிடக்கூடியவை: பூட்டு, தண்ணீர்த் திறப்பு, விளக்கு, மின்விசிறி, பெயின்ட், திரைச்சீலை.

முதல் பத்திக்குத் தரத்தை முடிவு செய்த பிறகுதான் விலையைப் பார்க்க வேண்டும். மூன்றாவது பத்திக்கு விலையை முதலில் பார்க்கலாம். நடுப்பத்திக்கு இரண்டையும் வைத்து யோசிக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. விருந்தினர் பார்க்கும் விறாந்தை டைல்ஸுக்கும் சீலிங்குக்கும் காசைக் கொட்டிவிட்டு, வயரிலும் குழாயிலும் பிடித்துக்கொள்கிறார்கள். காசு போதாவிட்டால் மூன்றாவது பத்தியைப் பின்னுக்குத் தள்ளுங்கள். சீலிங் இல்லாமல் இரண்டு வருடம் இருக்கலாம். கம்பி குறைந்த பிளேட்டுக்கு, அதாவது கொங்கிரீட் தட்டுக்கு, கீழே பிள்ளையை வைத்துவிட்டு ஓர் இரவும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

படி 2: வேலையை எழுதி, எல்லோரிடமும் அதே தாளைக் கொடுங்கள்

“ஒரு குளியலறை கட்ட எவ்வளவு?” என்று மூன்று மேசன்மாரிடம் கேட்டால் மூன்று வேறு குளியலறைகளுக்குத்தான் விலை வரும். ஒருவர் டைல்ஸை கூரை வரை நினைத்திருப்பார், இன்னொருவர் நெஞ்சளவுக்கு. அந்த மூன்று விலையையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

ஒரு பக்கத் தாளில் எழுதுங்கள்: நீளம், அகலம், உயரம், எந்தக் கல், சீமெந்தும் மணலும் எந்த விகிதம், குழாய் என்ன அளவு என்ன வகை, டைல்ஸ் எந்த உயரம் வரை, நீர்த்தடைப் பூச்சு எத்தனை கோட்டு, பொருள் யார் வாங்குவது, ஏற்றுக்கூலி யார் தலையில், கழிவு மண்ணை யார் அகற்றுவது. கடைசி இரண்டையும் எழுத மறப்பதால்தான் அரைவாசிச் சண்டைகள் வருகின்றன. என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால், முதலில் விலை சொல்ல வந்த அனுபவமுள்ள மேசனிடமே கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நல்ல வேலைக்காரருக்கு இப்படிக் கேட்பது பிடிக்கும். எரிச்சல்படுகிறவரை அந்த இடத்திலேயே கழித்துவிடலாம்.

படி 3: ஆளைப் பார்க்காதீர்கள், அவருடைய பழைய வேலையைப் பாருங்கள்

போன மாதம் முடித்த வீட்டைக் காட்டினால் போதாது. எந்தப் பூச்சும் புதிதில் அழகாகத்தான் இருக்கும். “இரண்டு மாரி கண்ட வீடு ஒன்று காட்டுங்க அண்ணன்” என்று கேளுங்கள். கார்த்திகை மார்கழி மழை எங்கள் பக்கத்தில் விடாமல் அடிக்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் உப்புக்காற்று வேறு. அதைத் தாங்கிய சுவரைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

அங்கே போனால் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடுகிறதா? சுவர் அடியில் உப்புப் பூத்திருக்கிறதா? டைல்ஸை விரல் முட்டியால் தட்டினால் வெறுமையாகக் கொட்டுப்போல் சத்தம் வருகிறதா? குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் முழுதும் ஓட்டைக்குப் போகிறதா, மூலையில் தேங்குகிறதா? அப்புறம் வீட்டுக்காரரிடம், மேசன் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு கேள்வி கேளுங்கள்: “பிழை ஒன்று வந்தபோது கூப்பிட்டீர்களா, வந்தாரா?” வேலையில் பிழை யாருக்கும் வரும். கூப்பிட்டால் வருகிறவர் கிடைத்தால் நாளுக்கு ஐந்நூறு ரூபா கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

மின்வேலைக்கு மட்டும் நான் கொஞ்சம் கடுமையாக இருப்பேன். பூச்சில் பிழை வந்தால் சுவர் வெடிக்கும், வயரில் பிழை வந்தால் உயிர் போகும். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாவது என்விகியூ, இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சொந்தக்காரப் பொடியன் என்றாலும் கேளுங்கள்.

படி 4: நாட்கூலியா, கொந்தராத்தா?

நாட்கூலியில் வேலை நிதானமாகவும் சுத்தமாகவும் வரும், ஆனால் நாள் இழுபடும். கொந்தராத்தில் வேகம் வரும், ஆனால் ஆள் லாபம் பார்க்கிற இடம் நீங்கள் பார்க்காத இடமாக இருக்கும். பொருளும் சேர்த்துக் கொந்தராத்துக் கொடுத்தால், முதல் பத்தி வேலைகள் முழுக்க இன்னொருவரின் மனச்சாட்சியின் கையில் போய்விடுகின்றன.

நான் செய்தது இரண்டையும் கலந்த முறை. மூடிப்போகிற வேலைகளுக்கு நாட்கூலி, பொருள் என்னுடையது. அளந்து சரிபார்க்கக்கூடிய வேலைகளுக்கு, அதாவது சுவர் கட்டுதல், பூச்சு, டைல்ஸ் பதித்தல், பெயின்ட் போன்றவற்றுக்கு, சதுர அடிக் கணக்கில் கூலிக் கொந்தராத்து, அங்கேயும் பொருள் என்னுடையது.

நாட்கூலியில் பலர் ஏமாறுவது கூலித் தொகையைப் பார்த்துத்தான். கணக்குக்கு ஓர் உதாரணம். ஒரு மேசனுக்கு 4,000, அவருடைய கையாளுக்கு 3,000, மொத்தம் 7,000 ரூபா என்று வையுங்கள். நாளுக்கு 80 சதுர அடி பூசுகிறார். இன்னொரு மேசனுக்கு 5,000, கையாளுக்கு அதே 3,000, மொத்தம் 8,000. அவர் 120 சதுர அடி பூசுகிறார். முதலாமவரிடம் சதுர அடி 87 ரூபா 50 சதம், இரண்டாமவரிடம் 67 ரூபாவுக்கும் குறைவு. கூலி கூடியவர்தான் மலிவு. ஆளை எடுத்த முதல் மூன்று நாளும் மாலையில் எத்தனை சதுர அடி என்று அளந்து எழுதிவையுங்கள், யாரை வைத்திருப்பது என்று அந்தக் கொப்பியே சொல்லும்.

படி 5: வந்த விலைகளைப் படிப்பது

மூன்று விலை போதும். ஒன்று மட்டும் மற்ற இரண்டையும் விட மிகக் குறைவாக இருந்தால் சந்தோஷப்பட முன், “எதை விட்டுக் குறைத்தீங்க?” என்று கேளுங்கள். சில நேரம் நியாயமான காரணம் இருக்கும்: பக்கத்து ஒழுங்கையிலேயே வேலை நடக்கிறது, கொங்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டுக்கால்களும் அவருடைய சொந்தம், கையாள் அவருடைய தம்பி. காரணம் சொல்லத் தெரியாமல் “சேர், நான் பார்த்துச் செய்துதாறன்” என்று மட்டும் சொன்னால் விட்டுவிடுங்கள். எனக்குக் குளியலறை கட்டித் தந்தவரும் இதையேதான் சொன்னார்.

பேரம் பேசும்போது தொகையைக் குறைக்கச் சொல்லி நெருக்குவதை நான் நிறுத்திவிட்டேன். நெருக்கினால் குறைப்பார், பிறகு சீமெந்திலோ கம்பியிலோ எடுத்துவிடுவார். அதற்குப் பதிலாக வேலையைக் குறையுங்கள்: “மேல்சுவர் டைல்ஸ் இப்போ வேண்டாம், அதைக் கழித்தால் எவ்வளவு?” அப்போது உங்கள் காசும் மிஞ்சும், அவருடைய கூலியும் கெடாது.

கடை விலைப்பட்டியல் வாங்கினால் இரண்டைப் பாருங்கள். வற் வரி சேர்ந்த விலையா, சேராத விலையா? 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம், பெரிய பில்லில் சின்னக் காசு அல்ல. மற்றது, அந்த விலை எத்தனை நாளுக்குச் செல்லும்? 2022 நெருக்கடியில் சீமெந்துப் பை ஒன்று 3,000 ரூபாவைத் தொட்டபோது, திகதி எழுதாத விலைப்பட்டியலை நம்பி வேலை தொடங்கியவர்கள் பாதியில் நின்றார்கள்.

படி 6: பொருள் வாங்குவது

மணலில் தொடங்குகிறேன், ஏனென்றால் அளவிலும் தரத்திலும் அதிகம் ஏமாறுவது அங்கேதான். ஒரு கியூப் என்றால் 100 கன அடி. மணல் வரும் வண்டிப் பெட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100-ஆல் பிரியுங்கள். 10 அடி நீளம், 6 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 90 கன அடி, ஒரு கியூப் இல்லை. கொட்டுவதற்கு முன் அளவுநாடாவோடு நில்லுங்கள், கொட்டிய பின் பேச்சில்லை. மணல் ஏற்ற புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதில்லாத மலிவு மணல் வழியில் மறிக்கப்பட்டால் வேலை நின்றுவிடும்.

தரம் பார்க்க, ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணலும் மீதிக்குத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி, சில மணி நேரம் வையுங்கள். மேலே சேறு தடிப்பாகப் படிந்தால் வேண்டாம். அந்தத் தண்ணீரை நாக்கில் தொட்டால் உப்புக் கரிக்கிறதா என்றும் தெரியும். சிப்பித்துண்டு கலந்த கடற்கரை மணலைக் கம்பி போடும் கொங்கிரீட்டுக்குக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். உப்பு கம்பியைத் துரு ஏற்றும், துரு ஏறிய கம்பி வீங்கி கொங்கிரீட்டை வெடிக்க வைக்கும். இதே காரணத்துக்காக உவர்த்தண்ணீர்க் கிணற்றிலிருந்தும் குழைக்க வேண்டாம். எங்கள் பக்கம் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது, கொங்கிரீட் நாளுக்கு அதைப் பீப்பாவில் பிடித்து வைத்தோம்.

கம்பிக்கு எஸ்எல்எஸ் 375 என்ற இலங்கைத் தர நியமம் உண்டு. முத்திரையோடு நிறையையும் பாருங்கள். 10 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 0.617 கிலோ, 6 மீற்றர்த் துண்டு ஒன்று ஏறத்தாழ 3.7 கிலோ. 12 மில்லிமீற்றர் என்றால் 5.3 கிலோ. பத்துத் துண்டைத் தராசில் போட்டு 37 கிலோவுக்குக் கிட்ட வருகிறதா பாருங்கள். 32 என்றால், துண்டுக் கணக்கில் மலிவாகத் தெரிந்த அந்தக் கம்பி கிலோக் கணக்கில் மலிவே இல்லை, பலமும் குறைவு. சில கடைகளில் நிறுக்க முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, நிறுங்கள்.

சீமெந்துப் பை 50 கிலோ. உற்பத்தித் திகதியைப் படியுங்கள், மூன்று மாதத்துக்கு மேற்பட்டது வேண்டாம். கையை விட்டால் மா மாதிரி இருக்க வேண்டும், கட்டி தட்டக்கூடாது. மாரியில் விலை குறைகிறது என்று நூறு பை வாங்கி அடுக்கினால் ஈரம் குடித்துவிடும். சீமெந்துக் கல்லை ஆணியால் கீறிப் பாருங்கள். மா கொட்டுவது போலக் கொட்டினால் சீமெந்து குறைவு. இடுப்பளவு உயரத்திலிருந்து இரண்டு மூன்றை விட்டுப் பாருங்கள், நல்ல கல் பொடியாகாது.

குழாயில் டைப் 600, டைப் 1000 என்று அழுத்த வகை அச்சடித்திருக்கும். தாங்கியிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகிறதென்றால் டைப் 1000 எடுங்கள், வித்தியாசம் ஒரு வீட்டுக்குச் சில ஆயிரம்தான். வயரில் விளக்குக்கு 1/1.13, பிளக் பொயின்டுக்கு 7/0.67 என்பது வழக்கம் (முதல் எண் உள்ளே எத்தனை இழை, அடுத்தது ஓர் இழையின் விட்டம் மில்லிமீற்றரில்). மலிவு பார்த்து பிளக்குக்கும் மெல்லிய வயரை இழுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கெட்டிலும் அயனும் சேர்ந்து ஓடினால் அது சூடேறும். மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தை வெட்டிவிடும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் வாங்குவதில் ஒரு ரூபாவும் குறைக்காதீர்கள்.

மரத்தில் ஓடாவியைக் கூட்டிக்கொண்டே போங்கள். தேக்கோ முதிரையோ வேம்போ, எந்த மரமானாலும் காய்ந்ததா என்பதுதான் முதல் கேள்வி. பச்சை மரத்தில் அடித்த நிலை ஒரு வருடத்தில் முறுக்கிக் கதவு பூட்டாது. வெளிறிய ஓரப்பகுதி அதிகமுள்ள பலகையைக் கறையான் முதலில் தேடிவரும். டைல்ஸ் வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஒரே தொகுதி இலக்கமா பாருங்கள், உடைவுக்கும் பிற்காலத்துக்கும் பத்து வீதம் கூட எடுங்கள்.

திரைச்சீலை மூன்றாம் பத்திதான், ஆனாலும் அதில் நான் மனம் வைத்து மருதமுனைக் கைத்தறி எடுத்தேன். ஈரத்துணியால் தேய்த்துச் சாயம் விடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

எதை வாங்கினாலும் பில் எடுங்கள். பெயர், அளவு, திகதி எழுதிய பில்.

படி 7: காசு கொடுக்கும் ஒழுங்கு

முற்பணம் பலகைக்கும் முதல் வாரக் கூலிக்கும் போதுமான அளவுதான். அதற்குப் பிறகு வேலை எட்டிய கட்டத்துக்குக் காசு: அத்திவாரம், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் போகும் பீம்) மட்டம், கூரை, பூச்சு, முடிவு. இந்தக் கட்டங்களை அந்த ஒருபக்கத் தாளில் எழுதி, அடையாள அட்டை இலக்கத்தோடு இருவரும் கையெழுத்து வையுங்கள்.

பத்து வீதத்தைப் பிடித்துவையுங்கள், எப்போது கொடுப்பது என்பதையும் எழுதுங்கள். நான் எழுதியது “அடுத்த மாரி கழிந்து, தை மாதம்”. ஆனால் சொன்ன நாளில் கொடுக்க வேண்டும். வாரக் கூலியையும் சனிக்கிழமை பின்னேரம் பிந்தாமல் கொடுங்கள். அவர்களும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போக வேண்டும், அவர்களுக்கும் மகள்மார் இருக்கிறார்கள். காசைத் தவணை சொல்லி அலைக்கழிக்கிற வீட்டில் எந்த நல்ல மேசனும் நிற்க மாட்டார், மிஞ்சுவது வேறு எங்கும் வேலை கிடைக்காதவர்கள்தான்.

படி 8: எந்த நாளில் நீங்கள் அங்கே நிற்க வேண்டும்

எல்லா நாளும் நிற்க முடியாது. வேலைக்குப் போகிறவர்கள் மூடுகிற நாட்களில் மட்டும் லீவு போடுங்கள். கொங்கிரீட் போடும் நாள்: கம்பிக்கும் பலகைக்கும் இடையில் இடைவெளி விடுகிற கவர் கட்டை வைத்திருக்கிறதா பாருங்கள். பிளேட்டுக்குக் குறைந்தது ஓர் அங்குலம், கடலோரத்தில் அதற்கும் மேல். கலவையில் தண்ணீரைக் கண்டபடி ஊற்ற விடாதீர்கள். போட்ட பின் ஏழு நாளாவது நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இந்தத் தண்ணீர் ஊற்றுகிற வேலையை வீட்டுக்காரரே எடுத்துக்கொள்வது நல்லது. பிளேட்டின் முட்டுக்கால்களை இரண்டு வாரத்துக்கு முன் எடுக்க விடாதீர்கள், பீமுக்கு மூன்று வாரம்.

சுவரை மூடும் நாள்: வயரும் குழாயும் போன பாதையை, அளவுநாடாவைச் சுவரில் பிடித்தபடி போனில் படம் எடுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது அந்தப் படத்துக்கு விலையே இல்லை. குளியலறையில் டைல்ஸ் பதிக்க முன் ஓட்டையை அடைத்து, தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விடுங்கள். இந்த ஒரு நாளை நான் மூத்தவளின் வீட்டில் ஒதுக்கியிருந்தால் என் காசு தப்பியிருக்கும்.

காலம் பற்றியும் ஒரு வார்த்தை. கூரையை ஐப்பசிக்கு முன் மூடிவிடும்படி கணக்குப் போடுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நாட்களிலும், நோன்பு மாதத்திலும் வேலை மெதுவாகத்தான் நடக்கும், அதை முதலிலேயே நாட்கணக்கில் சேர்த்துவிட்டால் யாரோடும் மனத்தாங்கல் வராது.

படி 9: பிழை வந்துவிட்டால்

முதலில் ஆளைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள், ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுக் கூப்பிட்டால் வரமாட்டார். திருத்த ஒரு நாள் குறித்து, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது, வழக்கறிஞர் தேவையில்லை. வாங்கிய பொருளிலோ பெற்ற சேவையிலோ குறை என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பில்லும் அந்த ஒருபக்கத் தாளும் படங்களும் கையில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். மூத்தவளின் குளியலறைக்கு என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

இளையவளின் வீட்டு மேசனுக்குப் பத்து வீதம் பாக்கி இருந்தது. தைப்பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் அவரை வரச் சொன்னேன். காசை எடுத்து வைத்திருந்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. “ஏணி இருக்கா சேர்?” என்று கேட்டு மேலே ஏறி, பிளேட்டின் நான்கு மூலையையும் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார். பிறகு குளியலறைக்குப் பக்கத்து அறைக்குப் போய், குந்தியிருந்து, சுவர் அடியில் உள்ளங்கையை வைத்தார். காய்ந்திருந்தது. அப்புறம்தான் தேத்தண்ணீர் குடிக்க உட்கார்ந்தார்.